கெண்டி படம் போட்ட மூடி

பழைய வண்டி விற்கிற புரோக்கர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களோ என்னவோ, திண்டிவனத்தில் கேட்டாலும் விழுப்புரத்தில் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான். "டாக்டர் ஓட்டுன வண்டிங்க, ஒரே கை." எனக்குக் காட்டிய வண்டிகளை வைத்துப் பார்த்தால் எங்கள் மாவட்டத்தில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம் இருக்க வேண்டும். நான் கடைசியில் வாங்கிய வண்டியும் அப்படிச் சொல்லித்தான் காட்டப்பட்டது. கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். தவிட்டு நிறம், டீசல், நல்ல உயரம், பின்சீட்டைக் கழற்றினால் ஒரு சின்னக் கடையையே உள்ளே வைக்கலாம்.

வண்டிக்காரர் வெளியே வந்தார். டாக்டர் என்று சொன்னார்களே என்று கேட்டேன். அவர் புரோக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தான் துபாயில் ஏசி ரிப்பேர் பண்ணுகிறவன் என்றார். இந்த வண்டியின் ஏசியை மட்டும் சரி பண்ண நேரம் கிடைக்கவில்லை என்று அவரே சொன்னார். வருஷத்துக்கு இரண்டு மாசம் லீவில் வரும்போது ஓட்டுவார், மிச்ச நாளெல்லாம் வண்டி கடல் காற்றில் நிற்கும்.

"ஓடித் தேஞ்ச வண்டி இல்லம்மா இது. நின்னு தேஞ்சது. பாத்து வாங்கு."

விற்க வந்தவர் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் வாங்கத் தோன்றாது. எனக்கு அந்த உண்மை பிடித்துப் போனது. உண்மைக்கு என்ன விலை என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. நான் கேப்பை முறுக்கும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையில் உருண்டையும் போட்டு விற்கிறவள். கூட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அதற்குமுன் களை எடுக்கவும் நடவுக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது எங்கள் வீட்டுப் பின்கொட்டகையில் உருண்டை பிடிக்கிறார்கள். திண்டிவனத்துக் கடைகளுக்கு ஸ்கூட்டரில் போட்டு முடித்துவிடுவேன். விழுப்புரத்துக்குத்தான் பஸ். மூட்டையோடு ஏறினால் கண்டக்டர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நானே ஒரு மூட்டை என்பதுபோல. ஒருநாள் முறுக்கு மூட்டைமேல் ஒருவர் உட்கார்ந்தே வந்துவிட்டார். இறங்கும்போது அது முறுக்கு இல்லை, மாவு. அன்றைக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று திட்டித் தீர்த்தேன், யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியாமல். அந்த வாரம்தான் பெரிய கடைக்காரர் ஒருவர், காலையில் கடை திறக்கும் நேரத்துக்குச் சரக்கு வந்துவிடுமென்றால் வழக்கமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதை விட்டால் கொட்டகையில் மூன்று பேருக்கு வேலை கிடையாது, நான் ஒருத்தி மட்டும் போதும். ஆக, வண்டி.

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். சைக்கிளில் போவார், சைக்கிளில் வருவார். அவருடைய அண்ணன் பைபாஸைக் கடக்கும்போது லாரி மோதி இறந்தவர். அதற்குப் பிறகு இவர் நான்கு சக்கரம் எதிலும் ஏறமாட்டார், பஸ்ஸைத் தவிர. இன்னொன்றும் நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்னோடு மாதா கோயில்வரை வருவார், பூசை முடியும்வரை வெளியே பூவரச மரத்தடியில் நிற்பார். உள்ளே கூப்பிட்டால், "எனக்கு இங்கியே கேக்குது" என்பார். பங்குச் சாமியார்கள் மாறி மாறி வந்தார்கள், மரத்தடி மட்டும் மாறவில்லை.

வண்டி வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, "நீ ஓட்டு, வேணான்னு சொல்லல. என்னை மட்டும் அதுல கூப்புடாத" என்றார். தயார் பண்ணியதெல்லாம் வீண். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

வண்டி வந்தது. நின்று தேய்ந்த வண்டி என்றால் என்ன என்று பாடம் நடத்த ஆரம்பித்தது. முதலில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி என்று நினைத்துப் புது பேட்டரி போட்டேன், அதற்கப்புறம்தான் செல்ஃப் மோட்டாரே உப்புக்காற்றில் துருப்பிடித்திருப்பது தெரிந்தது. உருண்டை பிடிக்கிற பெண்கள் இரண்டு பேரும் காலையில் வண்டி தள்ளிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைத்தார்கள். அதன்பிறகு அடியில் இருக்கிற ரப்பர் புஷ்கள். காய்ந்து வெடித்துப்போய், ஒவ்வொரு வேகத்தடையிலும் கடக்கு கடக்கு என்று சத்தம் போட்டு ஊருக்கெல்லாம் நான் வருவதைச் சொன்னது. அதை மாற்றினால் ரேடியேட்டர். கோட்டக்குப்பத்து உப்புத்தண்ணியை வருஷக்கணக்கில் ஊற்றி ஊற்றி, உள்ளே டீக்கடைப் பாய்லர்போலப் படிந்திருந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு மத்தியானம் வண்டி கொதித்து, ஆவி விட்டு நின்றது. நானும் கொதித்து, ஆவி விட்டு நின்றேன்.

மயிலம் ரோட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். என்னைவிடச் சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் எதையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பழைய வண்டி ரிப்பேர் செலவைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இதுதான். சாமான் ஒரு பங்கு, கூலி ஒரு பங்கு. மூன்றாவதாக ஒரு பங்கு உண்டு, அதுதான் பெரியது. "பிரிச்சதே பிரிச்சோம், இதையும் மாத்திடலாம்க்கா" என்கிற பங்கு. ரேடியேட்டரைப் பிரித்தால் தண்ணீர் பம்பு. பம்பைத் தொட்டால் பெல்ட்டு. இதெல்லாம் முடிந்து, விக்கிரவாண்டி டோலில் பின்னால் வரிசையாக நிற்கிறவன் எல்லாம் ஹாரன் அடிக்க, கிளட்ச் பிளேட்டு அங்கேயே கருகியது. கிளட்சுக்கு ஆனதை நான் ரூபாயில் சொல்வதில்லை. தீபாவளிக்குப் போட்ட உருண்டை மொத்தமும் அதற்குப் போனது, அவ்வளவுதான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கிளட்ச் மாற்றியபின் அந்த வண்டி ஓடிய ஓட்டத்தில் எனக்கு அதன்மேல் ஆசையே வந்துவிட்டது. காலையில் பின்னால் சரக்கை அடுக்கிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, நான்கு வழிச்சாலையில் ஏறினால் எவன் தயவும் எனக்கு வேண்டாம் என்று தோன்றும். விழுப்புரத்துக் கடைக்காரர் கடையைத் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். ஒரு கடை மூன்று கடையாயிற்று. கொட்டகையில் இன்னொரு அடுப்பு போட்டோம். என் வாழ்க்கையில் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த காலம் அதுதான்.

அப்போதுதான் வண்டியைச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாங்கியவுடன் செய்திருக்க வேண்டியது, ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டா கோயிலுக்குப் போவது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் வந்தார், ஜெபம் சொன்னார், நான்கு பக்கமும் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் இரண்டு தெளி. வெயிலில் அது தொட்ட இடத்திலேயே காய்ந்தது. என் வீட்டுக்காரர் பூவரச மரத்தடியிலிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் பாதிக்குமேல் தீர்த்தம் மிச்சமிருந்தது. அவரிடம் கொடுத்து, வீட்டில் வையுங்கள், கால் படுகிற இடத்தில் ஊற்றிவிடாதீர்கள் என்று சொன்னேன். எங்களில் யாரும் தீர்த்தத்தைத் தரையில் கொட்டமாட்டார்கள். செடி அடியில் விடுவார்கள், கிணற்றில் விடுவார்கள். அவர் வாங்கிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, "இவ்ளோ தெளிச்சும் கிளட்ச் போனா யாரைக் கேக்கறது" என்றார். கோயில் வாசல் என்பதால் மனசுக்குள் திட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஒரு வாரம் போனது. மெக்கானிக் சொல்லிக் கொடுத்தபடி, வாரத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்துப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு உருவினால், கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தேன். மூடிக்கு அடியில் வெண்ணெய்போல ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் பயப்படுவது இந்த நிறத்துக்குத்தான்.

ஓட்டிக்கொண்டு போகக்கூடப் பயந்து மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தேன். பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போயிருக்கும், இல்லாவிட்டால் தலையே வெடித்திருக்கும், முன்னே கூட்டேரிப்பட்டில் கொதித்ததில் நேர்ந்திருக்கலாம் என்றார். ரேடியேட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி கொறையலியே" என்று தலையைச் சொறிந்தார். அதோடு விட்டார். பிரிக்க ஒரு இன்ஜினே கிடைத்திருக்கும்போது சந்தேகத்தை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பதாயிரத்துக்குக் குறையாது, பிரித்தால்தான் மீதி தெரியும் என்றார். மூன்றாவது பங்கு வேறு காத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

என்னிடம் ஐயாயிரம்கூட இல்லை. இரண்டாவது அடுப்பும் கிளட்சும் எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தன. மறுபடியும் பஸ்ஸில் மூட்டையோடு ஏறினேன். மூன்று கடைக்கும் மூட்டை சுமக்க முடியாது, ஒன்றை விட்டேன். அந்த வாரத்திலேயே இரண்டாவதும் கையைவிட்டுப் போனது. கரும்பு வெட்டு எங்கே ஆரம்பித்திருக்கிறது என்று கொட்டகையில் அந்தப் பெண்கள் இருவரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இரவெல்லாம் யோசித்துவிட்டு, வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சு" என்றார், ஏதோ நான்தான் கெடுத்துவிட்டதுபோல. எனக்கு வந்த கோபத்தில், "ஆமா, உங்க வாய் முகூர்த்தந்தான்" என்று கத்திவிட்டு எழுந்து போனேன்.

விழுப்புரத்திலிருந்து பழைய வண்டி எடுக்கிற ஒருவர் வந்தார். இவர் ஆயிரம் வண்டி பார்த்தவர். புஷ்ஷைத் தட்டினார், டயரை உதைத்தார், கதவை அடித்துச் சாத்தினார், குனிந்து துருவை நகத்தால் சுரண்டினார். அதுவரை ஒரு விலை மனதில் இருந்திருக்கும். கடைசியாகப் பானெட்டைத் தூக்கி, ஆயில் மூடியைத் திருகி, அடியில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். இன்ஜின் அவுட்டு, எடைக்குத்தான் எடுக்க முடியும் என்று சொல்லி ஒரு விலை சொன்னார். அந்த விலையைக் கேட்டு நான் சண்டைகூடப் போடவில்லை. சாவியை எடுக்க உள்ளே திரும்பினேன்.

கடைக்குக் கிளம்பச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கிட்டே வந்தார். வண்டிக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்து நான் பார்த்ததில்லை. அந்த மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள தண்ணி ஊத்தக்கூடாதா?"

வந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் ஊற்றினது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் மூடியை என்னிடம் காட்டினார். அதன்மேல் மூக்கு வைத்த கெண்டிப் படம் ஒன்று, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது எண்ணெய்க் குப்பி. அதற்குமுன் பானெட்டைத் தொட்டறியாத தையல்காரருக்கு அது தண்ணீர்க் கெண்டி.

"கெண்டி படம் போட்டுக்கீது, சொட்டு வேற போட்டுக்கீது. தண்ணிக்குத்தான்னு நெனச்சேன்."

மிச்சத் தீர்த்தம் முழுவதையும் அதில் ஊற்றியிருக்கிறார். நான் குளிக்கப் போயிருந்த நேரம். ஏன் என்று கேட்டேன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டேன், ஏனென்றால் அவர்தான் அன்று கோயில் வாசலில் கேலி பண்ணியவர். அவர் என்னைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்துச் சொன்னார்.

"அவுரு வெளியதான தெளிச்சாரு. அங்கியே காஞ்சிபோச்சு. உள்ள இருந்தா பைபாஸுல உங்கூடவே வருமேன்னு ஊத்துனேன்."

வாசலில் அந்நியர் ஒருவர் நிற்கிறார் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. கேலி பேசிய வாயும், அந்த மரத்தடியும், என்னைக் கூப்பிடாதே என்றதும், எல்லாம் எனக்கு அப்போதுதான் வேறு மாதிரி விளங்கியது. ஒவ்வொரு காலையும் நான் சாலையில் ஏறித் திரும்பி வருகிறவரை அந்த மனிதர் என்ன பாடு பட்டிருப்பார். நானோ என்னைவிட முறுக்கு மூட்டைக்குத்தான் அதிகம் பயந்துகொண்டிருந்தேன். வண்டி விற்பதற்கில்லை என்று வந்தவரிடம் சொன்னேன். அவர் டீசல் செலவு என்று ஏதோ முணுமுணுத்தார். ஒரு பாக்கெட் உருண்டை கொடுத்து அனுப்பினேன்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "அதான்க்கா, தண்ணி கொறையலன்னு நானும் சொன்னேன்ல" என்றார். சொன்னீங்க தம்பி, சொல்லிட்டு ஐம்பதாயிரமும் சொன்னீங்க என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, மலிவான ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கி, நல்ல ஆயில் ஊற்றினார். இரண்டு ஆயில், ஒரு ஃபில்டர், கூலி. மிச்சமிருந்த ஒரு கடைக்கு ஒரு வாரம் போட்ட சரக்கில் அடங்கிவிட்டது. பிரித்ததே பிரித்தோம் என்று சொல்ல அவருக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை.

இறக்கிய ஆயில் ஒரு தகர டின்னில் இருந்தது. வழக்கமாக அதைப் புழுதி அடங்க ஷெட்டுக்கு முன்னால் தரையில் ஊற்றுவார்கள். மெக்கானிக் டின்னைத் தூக்கினார். சைக்கிளில் பின்னாலேயே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால் படற எடத்துல வேணாம் தம்பி. அதுல தீர்த்தம் கீது."

டின்னைச் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கழிவு ஆயில் பூசினால் மரத்தைக் கரையான் தொடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பழைய துணியைச் சுற்றி, கொட்டகைக் கூரையைத் தாங்குகிற பனங்கைகளுக்கும் கதவு நிலைக்கும் ஏணி போட்டு ஏறிப் பூசினார். பெண்கள் இரண்டு பேரும் கீழே நின்று, இங்கே விட்டுப்போச்சு, அங்கே விட்டுப்போச்சு என்று காட்டினார்கள். இரண்டு நாள் கொட்டகை முழுக்க டீசல் நாற்றம். வாசலில் உட்கார்ந்துதான் உருண்டை பிடித்தோம். கரும்பு வெட்டுப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. விட்ட கடைகளில் ஒன்று திரும்பி வந்தது, மற்றொன்றுக்குப் பதிலாக முண்டியம்பாக்கத்தில் ஒன்று பிடித்தேன்.

அடுத்த வாரம் பானெட்டைத் திறந்தால், ஆயில் மூடிக்கு மேலே ஒரு சிவப்புத் துணித் தொப்பி. சட்டைக் கழுத்துப்பட்டைக்கு வைக்கிற கெட்டித் துணியில், விளிம்பில் எலாஸ்டிக் வைத்து, கறுப்பு நூலில் ‘எண்ணெய்’ என்று பெரிதாகத் தைத்திருந்தார். இன்ஜின் சூட்டுக்கு அருகில் துணி கூடாது என்று மெக்கானிக் கழற்றச் சொன்னார். ஓட்டும்போது கழற்றிவிடுகிறேன். வீட்டில் நிற்கும்போது மாட்டிவிடுகிறேன்.

வண்டி இப்போதும் சும்மா இருப்பதில்லை. மழை வந்தால் வைப்பர் நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங்கில் எங்கேயோ ஒழுகுகிறது. ஏசியைப் பற்றி நான் பேசுவதில்லை. இந்த வருஷம் மறுபடி மந்திரித்தபோது சாமியார் சிரித்துக்கொண்டே பாட்டிலை நேராக அவர் கையிலேயே கொடுத்தார். கதை கோயில்வரை போயிருந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன். சைக்கிளை எடுக்கப் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பூவரச மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார், சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார், வந்து முன்கதவைத் திறந்து இடதுபக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியிருந்தார். பைபாஸ் ஏறினதும், "எங்க ஊத்தப் போறீங்க இதை?" என்று கேட்டேன்.

"ஊத்தல" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நானே எடுத்துக்கினு கூட வர்றேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."